பூர்வீகம் காஞ்சிபுரம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் நடந்த கெடுதலில் பாதி அந்தக் கையெழுத்தால் வந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியாகதுருகத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக்கு விலாசம் எழுத இந்தக் கண்ணாயிரத்தைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையெழுத்தோடு எழுபத்தேழாம் வருஷம் கல்வராயன் மலைமேல் நெல்லிப்பாடி என்ற சின்ன ஊருக்கு ஓராசிரியர் பள்ளி வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு சேர்க்கைப் பதிவேடு. பதிவேடு மட்டும் புத்தம் புதிது, காலிகோத் துணி அட்டை போட்டது.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் வேடியப்பன். ஆறு வயசு மகள் செவ்வந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். பெயர் எழுதினேன், வயசை உத்தேசமாக எழுதினேன்.

"சாதி இன்னாய்யா?"

"கவுண்டருங்க."

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றவர், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நிமிர்ந்தார். நானும் முத்து முத்தாக எழுதினேன்: இந்து, கவுண்டர். அடுத்து வந்தவரும் கவுண்டர் என்றார், அதற்கடுத்தவரும் கவுண்டர். எனக்குச் சந்தோஷம்தான், வேலை சுலபமாகப் போயிற்று.

அந்த மலைச் சனங்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் 'மலையாளி' என்று பெயர் என்பதும், அது பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. மலையாளி என்றால் கேரளாக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். அவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியாது. கீழே இருக்கிறவன் வைத்த பெயர் மேலே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ஒருவரையொருவர் கவுண்டர் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். மலையைத் தங்கள் சொத்தாக ஆண்ட ஜாகிர்தார்களின் ஆட்சி போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரைக்கும் தன் ஏர் தன் கொல்லையில் இறங்குமுன் ஜாகிர் கொல்லையில் கூலியில்லாமல் இறங்கவேண்டும். அப்படி உழுதவர்களிடம் யாரும் பிடுங்காமல் விட்டுவைத்த ஒரே மரியாதை அந்தப் பெயர். இதெல்லாம் எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தப் பத்து வருஷத்தில் செவ்வந்தி என்னிடம் அஞ்சாவது முடித்து, வெள்ளிமலை விடுதியில் தங்கிப் பத்தாவதும் முடித்துவிட்டாள். எண்பத்தேழு ஆவணியில் அவளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருப்பதாகக் கார்டு வந்தது. செப்டம்பர் கடைசிக்குள் சாதிச் சான்றிதழோடு வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கார்டைப் படித்துச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமைக் கதிரை மாடு கட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக மேகம் கீழிறங்கி வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது, அன்றைக்குத்தான் வெயில். செவ்வந்தியின் அம்மா குஞ்சம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் கார்டைப் படித்ததும் அவள் எழுந்துபோய்ச் சுவரில் சாத்தியிருந்த ஒரு மூங்கில் கழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா குஞ்சம்மா?"

"இதுலதான் சார் எந்தங்கச்சியக் கம்பிளில கட்டித் தூக்கிக்கினு போனாங்க, பிரசவத்துக்கு. கீழ கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பாதி வழியிலயே போய்ட்டா. புள்ளையும் போய்டுச்சு." மாட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "இவ நர்சம்மாவா மேல வந்து உக்காந்துட்டா, அந்தக் கழிய நானே வெட்டி அடுப்புல வெச்சிருவேன்."

மலையாளி, பழங்குடி என்று சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போட்டோம். இரண்டாம் வாரமே திரும்பி வந்தது. பள்ளிச் சான்றில் 'கவுண்டர்' என்று இருக்கிறது, பழங்குடி என்று எப்படிக் கேட்கிறீர்கள், தகப்பனாரும் ஆசிரியரும் சேர்க்கைப் பதிவேட்டோடு செப்டம்பர் பதினெட்டாம் தேதி கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு விசாரணைக்கு நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் என் பேனா போட்ட ஒரு வரி, அந்தப் பெண்ணின் வழியில் குறுக்கே கிடந்தது.

தப்பைச் சரிக்கட்ட எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்து, மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழங்குடி என்றால் ஆதிகாலம் தொட்டு மலையிலேயே இருப்பவர்கள். ஆனால் நெல்லிப்பாடிக்காரர்கள் தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்பார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் காஞ்சிபுரத்திலிருந்து சாமியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்களாம். பெரியவன் கொல்லிமலைக்கும், நடுவன் பச்சைமலைக்கும் போக, சின்னவன் கரியராமன் சாமியோடு இந்த மலையில் ஏறினானாம். ஊரில் சாமி தூக்குகிற நாலு பேரில் வேடியப்பன் முன்கழி, சாமியைத் தாங்கும் கழியின் முன்முனை அவர் தோளில். முன்கழி தூக்குகிறவர்தான் திருவிழாவில் 'வழி சொல்ல' வேண்டும், அதாவது சாமி வந்த பாதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லவேண்டும்.

"யோவ் வேடியப்பா, அதிகாரி பூர்வீகம் கேட்டா காஞ்சிபுரம்னு சொல்லிடாத. கீழ்நாட்டுக்காரன்னு எழுதிக் கதைய முடிச்சிருவாரு. இதே மலைதான், எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இங்கயேதான்னு சொல்லு."

அவர் கதிரை உதறுவதை நிறுத்திவிட்டார். "அது பொய்யாச்சுங்களே சார். சாமி தூக்கற ஆளு வழிய மாத்திச் சொல்லக்கூடாதுங்க."

"சாமி இன்னா ஆபீசுக்கா வந்து கேக்கப்போவுது? ஒம் பொண்ணு படிக்கணுமா வேணாமா?"

அவர் கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தார். குஞ்சம்மாள் மூங்கில் கழிப் பக்கம் பார்த்தாள். "சரிங்க" என்றார் கடைசியில்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நானும் வேடியப்பனும் செவ்வந்தியும் இறங்கினோம். மலையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, முந்தின நாளிலிருந்தே கீழே சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சனங்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, சைக்கிள்கூட இல்லை. நான் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேடியப்பன் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் துண்டில் சுற்றிக்கொண்டு, "நடந்தா பொழுது சாயறதுக்குள்ள போய்ரலாம் சார்" என்றார். பத்து மைல் என்பது அவருக்கு ஒரு தூரமே இல்லை. எனக்கோ கச்சிராயபாளையம் தாண்டும்போதே செருப்பு கடித்துவிட்டது.

வழியில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் பத்துப் பதினைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தடியோடு எழுந்து வந்தான்.

"எங்க போய்க்கினு இருக்கீங்க? யாரு நீங்க?"

நான் ஒரு எட்டு பின்வாங்கினேன். வேடியப்பன் நிமிர்ந்து சொன்னார்: "கவுண்டருங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, நம்மாளு! டேய், மரத்துல வழி வுடுங்கடா. பொம்பளப் புள்ள வேற வருது. வாங்க வாங்க, கூழு இருக்குது, குடிச்சிட்டுப் போங்க." எங்களுக்குக் கம்பங்கூழும் பச்சை வெங்காயமும் கொடுத்தார்கள். "இன்னா விஷயமா போறீங்க?"

"பொண்ணுக்குச் சாதிச் சர்டிபிகேட்டுங்க, நர்சு படிப்புக்கு."

"அதுக்குத்தான அண்ணே நாங்களும் குந்திக்கினு இருக்கறோம். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் ஒரு எடம் வோணும்ல. போய் வாங்கிக்கினு வாங்க." அவன் கைகூப்பியே வழியனுப்பினான். அவர்கள் நினைத்த கவுண்டர் கீழ்நாட்டில் அந்தப் பட்டம் போடுகிற வேறு சாதி, இவர் சொன்ன கவுண்டர் மலைச்சாதி. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மரத்தைத் தாண்டும்போது செவ்வந்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள், "சார், இங்க வழி வுட்ட பேருதான் அங்க வழிய மறிக்குதா?"

கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் வெறிச்சென்று கிடந்தது. விசாரணை அதிகாரியும் ஒரு பியூனும்தான் இருந்தார்கள். அதிகாரி ஓய்வு பெறப்போகிற வயசு, ஊருக்குப் போக பஸ் இல்லாமல் ஆபீசிலேயே தங்கியிருந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார். "நடந்தா வந்தீங்க?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பியூன் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, "மலையாளின்றீங்க, மலையாளம் பேசுவீங்களா?" என்று சிரித்தான்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சார்" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் புகழ்ச்சி கசந்தது.

அவர் வேடியப்பனைப் பார்த்தார். "உங்க பூர்வீகம் எது?"

வேடியப்பன் தரையைப் பார்த்தார். "இதே மலைதானுங்க. ஆதிலேர்ந்து இங்கயேதானுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது தெரியுமா? இந்த மலைச்சனங்க யாரக் கேட்டாலும் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோம்னுதான் சொல்வாங்களாம். மூணு அண்ணன் தம்பி கதை. சின்னப் புள்ளைங்களுக்குக்கூட அது தெரியுமாம். அதுகூட ஒனக்குத் தெரியல. நீ மலைக்காரனே கெடையாது. கீழ்நாட்டுக் கவுண்டர். எத்தினி பேரு இப்பிடிக் கெளம்பிட்டீங்க?" சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த உண்மையே சாட்சியாக இருந்திருக்கும். நான் கற்றுக்கொடுத்த பொய் அதைக் கெடுத்துவிட்டது. சொல்லவேண்டியதுதானே, சார், நான்தான் இப்படிச் சொல்லச் சொன்னேன் என்று? சொல்லவில்லை. அரசாங்க வேலை, இன்கிரிமெண்ட், மெமோ, இதெல்லாம் ஒரே நொடியில் கண்முன்னால் வந்து நின்றன. செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சும்மா பார்த்தாள்.

வேடியப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பி, மேற்கே நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்து நின்று ஆரம்பித்தார்.

"காஞ்சிபுரத்துக் கோட்டைவாசல், கரியராமன் எழுந்த வாசல். மூணு பேரு தோள் குடுத்தோம், முன்கழி சின்னவன் தோளு. பாலாத்து மணலு சுட்டுது, அங்க ஒரு ராத்திரி. செய்யாத்துத் தண்ணி கலங்குது, அங்க ஒரு ராத்திரி. பெண்ணையாத்துல வெள்ளம் வருது, திருக்கோவிலூர்க் கரையில மூணு ராத்திரி. அங்க ஒரு புள்ள பொறந்தது, அதுக்குப் பேரு வெள்ளையன்..."

நான் பத்து வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன். திருவிழாவில் தூரத்தில் நின்று அவர் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்திருக்கிறேன், பொங்கல் வாங்கித் தின்றிருக்கிறேன். காது கொடுத்தது கிடையாது. அன்றைக்குத்தான் கேட்டேன். ஒவ்வொரு ஆறும், அந்த ஆற்றைத் தாண்டியபோது யார் கையை யார் பிடித்தார்கள் என்பதும் அதில் இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் அவர் குரல் மாறியது. ஒரு ஓடைக்குப் பெயர், ஓடைக்குள் கிடக்கிற பாறைக்குப் பெயர், பாறையிடுக்கில் தேன் எடுத்தவன் பெயர், விழுந்து செத்தவனுக்கு நட்ட கல். சாமைக்கு முதல் விதை போட்ட மேடு, கடுக்காய் மரத்தடியில் பிள்ளை பெற்றவள், புலி அடித்த பாட்டன். வேர்வை அவர் முதுகில் வழிந்தது. பேனாவும் காகிதமும் இல்லாமல் ஒரு மனுஷன் தன் மண்டைக்குள் இவ்வளவு பெரிய பதிவேட்டை வைத்திருக்கிறான், நான் என் காலிகோ அட்டையைக் கட்டிக்கொண்டு அவனுக்குச் சாதி எழுதியிருக்கிறேன்.

அதிகாரி எழுந்துவிட்டார். சுவரில் மலை வரைபடம் மாட்டியிருந்தது. வேடியப்பன் சொல்லச் சொல்ல விரலால் தொடர்ந்துகொண்டே போனார். ஏழெட்டுப் பெயர் வரை விரல் போயிற்று. அதற்குமேல் வரைபடத்தில் வெறும் பச்சைதான் இருந்தது. வேடியப்பன் போய்க்கொண்டேயிருந்தார். விரல் அந்தப் பச்சையில் அப்படியே நின்றுவிட்டது. பியூன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவனை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"...நெல்லிப்பாடியில வந்து எறக்கினோம். எறக்கின தோளு எங்க தோளு" என்று முடித்தபோது அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது.

அதிகாரி மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சிவப்புப் பேனாவை மூடினார். "இவ்ளோ தெரிஞ்ச ஆளு, மொதல்ல ஏன்யா பொய் சொன்ன? யாரு சொல்லிக்குடுத்தா?"

வேடியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்லீங்க. பயம்தானுங்க. எங்க வாய்க்கு வந்த பயம்."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி நீலப் பேனாவால் எழுதினார். செவ்வந்தி சான்றிதழை வாங்கி, ஈரம் காயும்வரை ஊதிக்கொண்டேயிருந்தாள்.

மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். கார்த்திகையில் சாமைக் களம் முடிந்து சாமி தூக்குகிற நாள் வந்தது. காலையில் பனி விலகி, கோயிலைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. பின்கழி, நடுக்கழி ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்கழியில் வேடியப்பன் இல்லை. அவர் கூட்டத்துக்கு நடுவில் வந்து, துண்டைத் தரையில் போட்டு விழுந்து கும்பிட்டார்.

"ஊர்க்கவுண்டரே, இந்த வருஷம் நான் முன்கழி தொடக்கூடாதுங்க. சர்க்கார் ஆபீசுல வெச்சி வழிய இல்லேன்னு சொல்லிட்டேன். எனக்குத் தண்டம் போடுங்க."

ஆபீசில் நடந்தது எங்கள் மூன்று பேரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. குஞ்சம்மாளிடம்கூட அவர் சொல்லவில்லை என்பது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதில் தெரிந்தது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ராசு மெலிந்த மனுஷர், சத்தமே போடமாட்டார்.

"நீ அப்பிடிப்பட்ட ஆளு இல்லியே வேடியப்பா. யாரு சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்லீங்க. என் வாயிதான்."

இரண்டாம் தடவை. ஒரு மனுஷன் எனக்காக எத்தனை தடவை பொய் சொல்வான்? பொய் சொன்ன குற்றத்துக்குத் தண்டம் கேட்டு நிற்கிற இடத்திலும், என்னைக் காப்பாற்ற இன்னொரு பொய். என் கால்கள் தாமாகவே நடுவில் வந்துவிட்டன.

"நான்தாங்க சொன்னேன். பதிவேட்டுல தப்பா எழுதினவனும் நான்தான். வேடியப்பருக்குத் தண்டம் போடாதீங்க."

வேடியப்பர் என்று என் வாயில் வந்தது அன்றைக்குத்தான். ராசு என்னை உற்றுப் பார்த்தார்.

"தப்பா எழுதினேன்னா? இன்னா எழுதின?"

சொன்னேன். கவுண்டர் என்று எழுதியதால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்காமல் போகும் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெண் தன் மகனை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

"எத்தினி புள்ளைங்களுக்கு அப்பிடி எழுதி வெச்சிருக்க வாத்தியாரே?"

"அறுபத்தொன்னுங்க."

"அப்போ எங்காளுங்க அறுபத்தோரு பேரு கீழ போய் நின்னு பொய் சொல்லணுமா?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வேடியப்பருக்கு மூன்று வருஷம் முன்கழி கிடையாது என்று தண்டம் போட்டார். "பொய் பொய்தான்" என்றார். எனக்குப் போட்ட தண்டம் ஒரே வாக்கியம்தான்: "எழுதின கையாலயே மாத்தி எழுதிக்கினு வா."

மாற்றி எழுதுவது என்றால் அடித்து எழுதிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மனு, தகப்பன் கைநாட்டு, ஊர்க்கவுண்டர் கைநாட்டு, என் வாக்குமூலம். 'எனது அறியாமையால்' என்று அறுபத்தொரு தடவை எழுதினேன். அந்தச் சொல்லைக் கிறுக்கி எழுத எனக்கு உரிமை இல்லை என்று, ஒவ்வொன்றையும் நிறுத்தி அழகாகவே எழுதினேன். இருபது நாள் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் மைப்பெட்டியோடு போய் உட்கார்ந்தால், திட்டிக்கொண்டே கைநாட்டு வைத்துவிட்டு, குச்சிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள்.

மனுக்களையும் பதிவேட்டையும் பழைய கம்பிளியில் கட்டி வைத்திருந்தேன். கல்வி ஆபீசுக்குக் கொண்டுபோகவேண்டிய நாள் காலையில் வாசலில் வேடியப்பர் நின்றார். கையில் அந்த மூங்கில் கழி இருந்தது. மூட்டையை அதில் கட்டித் தொங்கவிட்டு, முன்பக்கத்தைத் தன் வலது தோளில் வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் சாமியின் கழி உட்கார்ந்து காய்த்துப்போன இடம் அது. பின்பக்கத்தை என்னைத் தூக்கச் சொன்னார்.

"நானே கையில எடுத்துக்கினு வர்றேனே. இதுக்கு ரெண்டாளா?"

"இருக்கட்டுங்க. அறுபத்தோரு புள்ளைங்க உள்ள இருக்குது."

குஞ்சம்மாள் வாசல்வரை வந்து கழியை ஒருதரம் பார்த்தாள். நாங்கள் இறங்கினோம். பாதி வழியில் (அது குஞ்சம்மாளின் தங்கச்சி உயிர் போன இடம் என்று பிறகு தெரிந்தது) அவர் நின்று தோள் மாற்றாமலே மூச்சு வாங்கினார். முகத்தில் வேர்வை, வாயில் சிரிப்பு.

"சாமியவிட இது கனம் வாத்தியாரே" என்றார்.